ஆண்டாள் கையில் அயல்நாட்டுச் செடி

மாடியில் பத்துத் தொட்டிக்குத்தான் இடம். வெளிநாட்டுச் செடிகளாகவே வைத்து நிறைத்தால், பக்கத்து ஊர் ஆண்டாள் கோபித்துக்கொள்வாளா?
- வாசகி, ராஜபாளையம்

அவள் கையிலேயே வெளிநாட்டுச் செடி இருக்கிறதே! ஸ்ரீவில்லிபுத்தூரில் தினமும் புதிதாகக் கட்டும் ஆண்டாள் கிளிக்கு மரவள்ளி இலையில் உடல், மாதுளம்பூவில் மூக்கு. மரவள்ளிக்குப் பூர்வீகம் தென் அமெரிக்கா, மாதுளைக்கு ஈரான் பக்கம். கையளவு இடத்தில் இரண்டு கண்டங்கள்!

தாராளமாக வையுங்கள், உண்ணிச்செடி மட்டும் வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் அழகுக்காக வந்தது, இன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை அடைத்து நிற்கிறது. உங்கள் மாடியில் பழம் கொத்தும் பறவை, விதையைச் செண்பகத்தோப்பின் சாம்பல் நிற அணில் காட்டில் போட்டுவிடும்.