திண்ணை வரை வந்த பாரதம்

"அத ஊட்டுக்குள்ள பாடாதடா. ஊடு ரெண்டாப் பூடும்."

முந்தின ராத்திரி கூத்தில் கேட்ட துரியோதனன் பாட்டை நடுக்கூடத்தில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்த என்னை ஆயா இப்படித்தான் அதட்டினாள். 1978ஆம் வருஷம். எனக்குப் பத்து வயது. செஞ்சிக்கு மேற்கே எங்கள் ஊரில் திரௌபதியம்மன் திருவிழா நடந்துகொண்டிருந்தது.

ராமாயணத்தை வீட்டில் படிக்கலாம், பாரதத்தைப் படிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் எல்லாரும் சொல்வது. அது பங்காளிச் சண்டையின் கதை. படிக்கிற வீட்டிலும் பங்காளிகளைப் பிரித்துவிடும். அதன் இடம் கோயில் வாசலும் கூத்துக்களமும்தான். வீட்டில் படித்தால் சண்டை வரும் என்று சொன்ன அதே ஆயாதான், கோயிலில் படித்தால் மழை வரும் என்றும் சொன்னாள். ஒரே கதை வீட்டுக்கு ஆகாது, ஊருக்கு ஆகும். சிறு வயதில் எனக்கு இது விளங்கவில்லை. விளங்குவதற்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

வெளியூர்க்காரர்களுக்குச் செஞ்சி என்றால் கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். 1677இல் சிவாஜி பிடித்தது. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதித் தேசிங்கு ராஜன் மாண்டது. எங்களுக்கு இதெல்லாவற்றுக்கும் மூத்த கதை திரௌபதியின் கதை. பாரதப் போர் முடிந்த பிறகு அவள் மறுபடியும் இந்த மண்ணில் தோன்றினாள் என்பது எங்கள் நம்பிக்கை. பழைய செஞ்சி என்கிற மேலச்சேரியில் இருக்கும் கோயிலைத்தான் அவளுடைய ஆதி கோயில் என்பார்கள். பக்கத்து ஊர்களில் எங்கே அவளுக்குத் திருவிழா நடந்தாலும் எங்கள் வீட்டுப் பெண்கள் மேலச்சேரி இருக்கும் திக்கைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

காப்புக் கட்டிவிட்டால் அப்புறம் ஊரே பாரதத்துக்குள் போய்விடும். பகலில் கோயில் பந்தலில் பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டைப் பாடிப் பொருள் சொல்வார். பகலில் சொன்னது ராத்திரியில் களத்துக்கு வரும்: வில்வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். சாப்பாட்டுக் கடை ஓய்ந்ததும் பாயும் கோணிச் சாக்கும் போர்வையுமாகக் கிளம்பிப் போய் இடம் பிடிப்போம். மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் சேர்ந்து எழும். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து வேஷக்காரரின் குரல் முதலில் வரும். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கைக் கால் தெரியும். நடுவில் இருப்பதை நாங்கள் மனசுக்குள் கட்டிக்கொள்வோம். திரை விலகினதும் கண்ணாடிச் சில்லு பதித்த புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் விளக்கு வெளிச்சத்தை வாரி எங்கள் முகத்தில் அடிக்கும். வேஷக்காரர் கிறிக்கி போட்டுச் சுழலும்போது கிளம்பும் புழுதி, முன்வரிசையில் உட்கார்ந்த பிள்ளைகளின் வாயில் கரகரக்கும்.

தூக்கம் எங்களோடு கூடவே வந்து உட்காரும். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிகிற வரைக்கும் நடக்கும் கூத்தில், எந்தப் பிள்ளையும் முழுக்கதையைப் பார்த்ததில்லை. துகில் உரிகிற நேரம் வந்தால் அம்மா உலுக்கி எழுப்பிவிடுவாள். துச்சாதனன் வேஷக்காரர் சேலையைத் தொடுவதற்கு முன்னால் அம்மனைக் கும்பிடுவார். கற்பூரம் எரியும். பெண்கள் பக்கம் யாருக்காவது அருள் வரும். அப்போது தூங்கக் கூடாது. தூங்கினால் அவளைக் கைவிட்ட சபையில் நாமும் ஒருவர் ஆகிவிடுவோம் என்பாள் அம்மா. கர்ணன் சாகிற கட்டம் விடியப்போகிற நேரத்தில் வரும். பிள்ளையாக இருந்த காலத்தில் அதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கண் விழித்தால் ராஜகிரி கறுப்பாக எழுந்து நிற்கும். வேஷக்காரர்கள் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

அர்ச்சுனன் தபசு அன்று களத்தின் நடுவே பனைமரத்தை நட்டுத் தபசு மரம் ஆக்குவார்கள். அர்ச்சுனன் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் ஈரச் சேலையோடு மரத்தடியில் கிடப்பார்கள். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழம் யார் மடியில் விழுகிறதோ அவளுக்குப் பிள்ளை உண்டு. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அம்மா மடியில் ஒரு பழம் விழுந்தது. அடுத்த வருஷம் நான் பிறந்தேன். வீட்டுக்குள் பாரதம் வரக் கூடாது; ஆனால் பழமாக வரலாம், பிள்ளையாக வரலாம், மண்ணாகவும் வரலாம். பதினெட்டாம் நாள் களிமண்ணில் துரியோதனனைப் படுத்த வாக்கில் செய்து படுகளம் நடத்துவார்கள். தொடை பிளந்து, திரௌபதி கூந்தல் முடித்ததும், அந்த உருவத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து வந்து ஆயா நெல் குதிரில் போடுவாள். சாயங்காலம் தீமிதி. அதோடு பாரதம் முடியும்.

வீட்டு வாசற்படியைப் பாரதம் முதல்முதலில் தாண்டினது 1988 அக்டோபர் 2 அன்று. பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் தூர்தர்ஷனில் தொடங்கியது. ஞாயிறு காலை தோறும், மொத்தம் 94 பகுதி. தெருவில் டிவி இருந்த வீட்டில் எல்லாரும் கூடினோம். இந்தி தெரியாவிட்டாலும் கதை தெரியுமே. ஆயா மட்டும் உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு வெளியே, திண்ணையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கடைசி வாரம் வரைக்கும் அந்த இடத்தை மாற்றவில்லை.

அதே 1988இல்தான் எங்கள் திரௌபதி கடல் கடந்தாள். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் செஞ்சி வட்டாரத்துத் திருவிழாக்களைப் பல வருஷம் கூடவே இருந்து பார்த்தவர். திரௌபதி வழிபாடு பற்றி அவர் எழுதிய பெரிய நூலின் முதல் பாகம் அந்த ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. 'லேடி ஆஃப் ஜிஞ்சி' என்ற பெயரில் இரண்டு பாக வீடியோப் பதிவும் வந்தது. எங்கள் களத்து ஆட்டம் நாடாவில் ஏறி எங்கோ ஒரு வகுப்பறையில் ஓடியிருக்கிறது. அந்தச் சங்கதியே எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கேசட் வந்தது, சி.டி. வந்தது. கல்யாண வீடியோ எடுப்பவரையே விழாக்குழு கூத்துக்கும் கூப்பிட்டது. இன்று கர்ண மோட்சம் என்று யூடியூப்பில் தேடினால், ஒரு ஆயுசில் பார்த்துத் தீராத அளவுக்குக் கூத்துகள் வந்து விழுகின்றன.

2020இல் ஊரடங்கு. பங்குனி முதல் ஆடி வரைக்கும் கூத்துக் கலைஞர்களுக்கு அறுவடைக் காலம்; அந்த வருஷம் ஒரு களமும் கூடவில்லை. ஆடிய கால்கள் கூலி வேலைக்குப் போயின. அம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. நாங்கள் செஞ்சி டவுனுக்குக் குடிவந்து வெகுநாள் ஆகிவிட்டது. ஆனாலும் திருவிழாவுக்கு ஊருக்குப் போகாமல் அவள் ஒரு வருஷம்கூட இருந்ததில்லை. காப்புக் கட்ட வேண்டிய நாள் வந்ததும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். என் மகன் டிவியில் கூத்துப் போடுகிறேன் என்றான். எழுந்து உட்கார்ந்தாள். "ஊட்டுக்குள்ள வேணாம்பா" என்றாள்.

டிவியைத் தூக்கித் திண்ணையில் வைத்தோம். தெருவைப் பார்த்தபடி வைத்தோம். ராத்திரிக்கு ஒரு கதை வீதம் பார்த்தோம். எதிர்வீட்டுக்காரர்கள் அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, இடைவெளி விட்டு, எங்களோடு பார்த்தார்கள். அம்மா இரண்டே சட்டம் போட்டாள்: நடுவில் நிறுத்தக் கூடாது, தள்ளிவிட்டுப் பார்க்கக் கூடாது. தபசு அன்று திரையில் அர்ச்சுனன் உச்சியிலிருந்து எலுமிச்சம்பழத்தை வீசினார். பழம் கேமராவைத் தாண்டி எங்கோ போய்விட்டது. அம்மாவின் கை அதுவாக முந்தானையை விரித்திருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு மடக்கிக்கொண்டாள்.

திருவிழாக்கள் திரும்பி வந்துவிட்டன. அம்மாவின் முழங்கால் திரும்பவில்லை. அதனால் வருஷா வருஷம் பதினெட்டு ராத்திரி எங்கள் திண்ணையில் பாரதம் ஓடுகிறது.

அமெரிக்காவில் இருக்கும் தங்கை மகளிடம் இதைச் சொன்னேன். கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே 'நட்கிராக்கர்' பாலேயின் பதிவை வீட்டில் குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பார்கள் என்றாள். சைக்கோவ்ஸ்கி இசையமைத்து, 1892 டிசம்பரில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முதலில் ஆடியது. 1954இல் ஜார்ஜ் பாலன்சின் நியூயார்க்கில் ஆடவைத்த பிறகு அமெரிக்காவில் அது பண்டிகை வழக்கமாகவே வேரூன்றியது. என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் வருஷா வருஷம் பார்க்கிறார்கள். இதில் அவர்களும் நாங்களும் ஒன்று. ஆனால் அந்தக் கதை தொடங்குவதே ஒரு வீட்டுக் கூடத்தில். பண்டிகை ராத்திரி, விருந்தாளிகள், ஒரு சிறுமி, அவளுக்குக் கிடைத்த மரப்பொம்மை. அதை வீட்டுக்குள் பார்க்கும்போது கதை தன் இடத்துக்கே வந்து சேர்கிறது. பாரதமோ வீடு உடைந்த கதை. உடைந்த வீட்டின் துக்கத்தை ஒரு வீடு மட்டும் தாங்காது. ஊர் சேர்ந்துதான் தாங்க வேண்டும். ஆயா சொன்னதை நான் இப்போது இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்.

2025 ஜூலையில் எங்கள் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மராத்தியக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக. கல்லுக்குக் காவல் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சி. விடிந்தால் கலைந்துவிடுகிற கூத்துக்குப் பதிவுதான் காவல். ஆனால் எந்தப் பதிவு? இப்போது துல்லியமான ஒலியோடு, முகத்தை அருகில் காட்டி, நன்றாக எடுக்கிறார்கள். அடவு தெரிகிறது, பாட்டின் ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது. கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு அது பெரிய கொடை. நான் தேடுவது வேறொன்று.

எங்களிடம் 2006இல் எடுத்த ஒரு சி.டி. இருக்கிறது. ஊர்த் திருவிழாவில் நடந்த கர்ண மோட்சம். படம் ஆடுகிறது, ஒலிபெருக்கி இரைகிறது, குழந்தை அழுகிறது, டீக்கடை அடுப்பு சீறுகிறது. போருக்குப் புறப்படும் கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெறுகிற கட்டம். அந்த நேரம் பார்த்துக் கட்டியங்காரன் ஆட்டத்தை நிறுத்தி, மைக்கைப் பிடித்து, அன்பளிப்புக் கொடுத்தவர்களின் பெயரைச் சொல்கிறார். நாலாவதாக அப்பாவின் பெயர் வருகிறது. ஐம்பத்தோரு ரூபாய். அம்மன் அருளால் அவர் குடும்பம் நல்லா இருக்கணும் என்று வாழ்த்திவிட்டு, மறுபடி பாட்டு எடுக்கிறார்.

களத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில் இந்த அறிவிப்புகள் எனக்கு இடைஞ்சலாக இருந்தன. கதை ஓடுகிற ஓட்டத்தில் பெயர்ப் பட்டியல் எதற்கு என்று எரிச்சல்பட்டிருக்கிறேன். 2011இல் அப்பா போனார். பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின ராத்திரி வீட்டு முன்னால் தெருவை அடைத்துக் கர்ண மோட்சம் வைத்தோம். எங்கள் பக்கத்து வழக்கம் அது. கர்ணன் சாகிறதை அன்றுதான் கண் மூடாமல் முழுக்கப் பார்த்தேன். இப்போது அந்தப் பழைய சி.டி.யைப் போடும்போது நான் காத்திருப்பது கர்ணனுக்காக அல்ல. அந்தப் பட்டியலில் வரும் பதினொரு பேரில் ஏழு பேர் இன்று இல்லை. கூத்தைத் துல்லியமாக எடுத்திருந்தால், இடையில் வந்த இந்தப் பெயர்களை வெட்டியிருப்பார்கள். ஊர் சேர்ந்து நடத்தும் கூத்தில் ஊரின் பெயரும் கதையைச் சேர்ந்ததுதான்.

அதனால் இரண்டு காரியம் செய்கிறோம். பதிவைப் பார்த்தாலும் அன்பளிப்பை நிறுத்துவதில்லை. வருஷா வருஷம் ஒரு தொகையை எங்கள் ஊருக்கு வரும் கூத்துச் செட்டின் வாத்தியாருக்கு அனுப்பிவிடுகிறோம். ஒரு ராத்திரியாவது களத்துக்குப் போய் மண்ணில் உட்காருகிறோம்.

போன வைகாசியில் நானும் என் பேரனும் போனோம். அவனுக்கு ஆறு வயது. கிறிக்கியின் புழுதி அவன் வாயிலும் போனது. துப்பிவிட்டு இன்னும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். அம்மா பெயரில் நூற்றொரு ரூபாய் கொடுத்தேன். கட்டியங்காரன் ஆட்டத்தை நிறுத்திப் பெயரைச் சொன்னார். அந்த நேரத்தில் களத்தைச் சுற்றி இருபது முப்பது செல்போன்கள் உயர்ந்திருந்தன.

நாலு நாள் கழித்து என் மகன் அதில் ஒரு பதிவைத் தேடி எடுத்தான். டிவியைத் திண்ணையில் வைத்தோம். திரௌபதி சபதம் செய்து முடித்ததும் ஆட்டம் நின்றது, மைக் கரகரத்தது, அம்மாவின் பெயரும் அப்பாவின் பெயரும் ஊர்ப் பெயரும் தெருவெல்லாம் கேட்டன. எதிர்த் திண்ணையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஐந்து வருஷமாகக் கூத்தை ஒரு நொடிகூட நிறுத்த விடாத அம்மா என் மகனின் கையைப் பிடித்தாள்.

"அத இன்னொரு வாட்டி வையிப்பா" என்றாள்.