வெண்மணிக்கு ஒரு நாவல்

கேள்வி: எழுத்தாளருக்கு முழுச் சுதந்திரம் கொடுத்தால் நடந்ததைத் திரித்துவிட மாட்டாரா?
– ஒரு வாசகர், வேளாங்கண்ணி

பதில்: உங்கள் நாகை வட்டாரக் கதையையே பார்ப்போம். 1968 டிசம்பர் 25 இரவு, கூலிப் போராட்டத்தின் நடுவே, கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட, கார் வைத்திருக்கும் பெரிய மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்றது உயர் நீதிமன்றம்; 1973-இல் அவர்களுக்கு விடுதலை. கற்பனை வளம் நாவலாசிரியர்களுக்கு மட்டுமே சொந்தம் என்று யார் சொன்னது?

இந்திரா பார்த்தசாரதி அந்தத் தீயை வைத்துத்தான் 'குருதிப்புனல்' எழுதினார். பண்ணையாருக்கு ஆண்மைக் குறைவு என்று படைக்கப்போய், கூலிப் போராட்டத்தை மனக்கோளாறாகச் சுருக்கிவிட்டார் என்று இடதுசாரிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு.

ஆனாலும் அந்த நாவலுக்கு 1977-இல் சாகித்திய அகாதெமி விருது. 1983-இல் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' என்று படமாகவும் வந்தது.