பதினாறடிக் கூடம் போதும்

துப்பாக்கி சுடப் பழகவேண்டும் என்று கள்ளக்குறிச்சியில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், முதலில் வரும் கேள்வி, "யாரை?" இரண்டாவது, "இடத்துக்கு எங்கே போவீங்க?" முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: 17 சென்டிமீட்டர் சதுர அட்டை ஒன்றை. இரண்டாவது கேள்விதான் ஆளைக் கவிழ்க்கிறது. ஏர் பிஸ்டல் போட்டியின் தூரம் 10 மீட்டர், அதாவது 33 அடி. முப்பதுக்கு நாற்பது மனையில் கார் நிற்க, படி ஏற, பூஜை அறை வைக்க என்று ஒதுக்கியது போக மிஞ்சுவது பதினாறடிக் கூடம். பழைய ஓட்டு வீடுகளில் தலைவாசலில் நின்றால் கொல்லைக் கதவு நேராகத் தெரியும். 33 அடி தாராளமாக வரும். ஆனால் அந்தக் கோடு நடை, கூடம், அடுப்படி எல்லாவற்றையும் ஊடுருவிக்கொண்டு போகிறது. ரசச் சட்டியோடு குறுக்கே வருகிறவரை எந்தப் போட்டி விதியும் கணக்கில் எடுத்ததில்லை. ஆகவே இடமில்லை, ஆகவே பழக முடியாது என்று ஆசையை மடித்துப் பரணில் வைத்துவிடுகிறார்கள். இடம் என்பது இதில் வெறும் சாக்கு என்பது என் கட்சி. ஏர் பிஸ்டலில் கற்றுக்கொள்ள வேண்டியதில் முக்கால்வாசி, துப்பாக்கியின் பின்குறிக்கும் முன்குறிக்கும் நடுவே உள்ள ஓரடிச் சொச்சத்துக்குள் அடங்கிவிடுகிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். அட்டையின் நடுவில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. பெல்லட்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். அது வட்டத்தின் கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், பெல்லட்டின் மையம் நடுப்புள்ளியிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விலகலாம். இரண்டு குறிகளுக்கும் இடையே ஏறக்குறைய 32 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டருக்கு அப்பால் அந்த 8 மில்லிமீட்டர் விலக, முன்குறி கால் மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். தலைமயிரை இரண்டு மூன்றாக அடுக்கினால் அவ்வளவுதான் கனம். தப்பு நடப்பது இங்கே, கைக்குப் பக்கத்தில். 10 மீட்டர் தூரம் அதைப் பெரிதாக்கிக் காட்டும் பூதக்கண்ணாடி மட்டுமே. ஐந்து மீட்டரில் சுட்டாலும் கை பிசகக்கூடிய அளவு அதே கால் மில்லிமீட்டர்தான். அட்டையை அதற்குத் தக்கபடி சுருக்கவேண்டும், அவ்வளவே. ஐந்து மீட்டர் என்பது பதினாறரை அடி. துப்பாக்கி பிடித்த கை எப்படியும் நிற்கும் கோட்டைத் தாண்டி முன்னால் நீளும். மீதி அரையடியை முதுகை வாசல் பக்கம் தள்ளிச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

சுருக்குவதில் ஒரு சூட்சுமம் உண்டு; பலர் கோட்டை விடுவது இங்கேதான். தூரம் பாதியானால் வட்டமும் பாதி என்று 5.75 மில்லிமீட்டரில் பத்தை வரைந்துவிடுவார்கள். பெல்லட் பாதியாகச் சுருங்குமா? அது அதே 4.5 மில்லிமீட்டர் உடம்போடு வந்து கோட்டை இடித்து மதிப்பெண்ணை அள்ளிக்கொள்ளும். நேர்மையாக வரைந்தால் பத்து வட்டம் 3.5 மில்லிமீட்டர்தான் வரும். பெல்லட்டை விடச் சின்னது. கண்ணுக்குத் தெரியும் கறுப்பு மட்டும் 59.5-லிருந்து சரிபாதியாக, 30 மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்ட இருந்தால் போதும். வீட்டில் சாம்பியனாகவும் போட்டியில் பார்வையாளராகவும் இருப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போடாதவர்கள்.

"வீட்டில் சுட்டு யார் முன்னுக்கு வந்தார்கள்?" என்று கேட்கலாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ரா, அப்பா வீட்டிலேயே கட்டிக்கொடுத்த கூடத்தில் பழகியவர். வசதியான அப்பா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2018 ஆசிய விளையாட்டில் பதினாறு வயதில் ஏர் பிஸ்டல் தங்கம் வென்ற சௌரப் சௌத்ரி, மீரட் பக்கத்துக் கலினா கிராமத்து விவசாயி மகன். அவரும் வீட்டிலேயே களம் அமைத்துக்கொண்டவர். 2020 ஏப்ரலில் ஊரே அடங்கிக் கிடந்தபோது, முன்னாள் வீரர் ஷிமோன் ஷெரீஃப் ஒரு பன்னாட்டுப் போட்டியையே இணையம் வழியாக நடத்தினார். அவரவர் வீட்டிலிருந்தே சுட்டார்கள். வெளியூர்க் கதையெல்லாம் எதற்கு? 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மயிரிழை பிசகினால் சாமிக்கு மூக்குப் போய்விடும் வேலை அது. அதற்கு வேண்டிய இடம் ஒரு பாய் விரிக்கும் அளவுதான். உளி பிடிக்கிறவர் யாரும் மைதானம் கேட்டதாகத் தெரியவில்லை.

"மேற்கே திரும்பினால் கல்வராயன் மலை. வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் ஆளரவமில்லாத இடம் எவ்வளவு கிடக்கிறது! அங்கே போய்ச் சுடுவதுதானே?" இந்த யோசனை சொல்லும் நண்பர் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார், ஜாமீன் கையெழுத்துப் போட மட்டும் கிடைக்கமாட்டார். அது காப்புக்காடு. துப்பாக்கியோடு உள்ளே நுழைகிறவர் குறிபார்க்க வந்தாரா, கொக்கு பிடிக்க வந்தாரா என்று வனத்துறை நின்று விசாரித்துக்கொண்டிருக்காது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கையில் இருக்கிறது. உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி பிடிபட்ட செய்தி அடிக்கடி வரும் மலை வேறு. இடம் கொட்டிக்கிடக்கும் மலையில் சுடக்கூடாது, இடமே இல்லாத கூடத்தில் சுடலாம். நம் விளையாட்டின் லட்சணம் இதுதான். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத ஏர் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம். போட்டிப் பிஸ்டலின் ஆற்றல் இதில் மூன்றிலொரு பங்கைக்கூடத் தொடாது. இருந்தாலும் எதிர்வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. "டப்" என்று ஒரு சத்தம் தெருமுனை டீக்கடை போய்ச் சேர்வதற்குள் ஏ.கே. 47 ஆகிவிடும்.

வீட்டார் எழுப்பும் ஆட்சேபணைதான் உண்மையில் கனமானது. அதைச் சிரித்து மழுப்ப முடியாது. ஆற்றல் குறைவுதான், ஆனால் கண்ணைப் பறிக்க அது போதும். ஆகவே சுடுகிறவருக்கும் அட்டைக்கும் நடுவே கதவு இருக்கக்கூடாது, அட்டைக்குப் பின்னாலும் கதவோ சன்னலோ கூடாது. பிள்ளைகள் வீட்டில் நடமாடும் நேரத்தில் துப்பாக்கிப் பெட்டியைத் திறக்கவே கூடாது. பூட்டுச் சாவி இடுப்பில் இருக்கவேண்டும். சிமெண்டுச் சுவரில் பட்ட பெல்லட் வந்த வழியே திரும்பும், கெட்டிப் பலகையும் அதைத் துப்பிவிடும். மரப்பெட்டியில் பழைய வேட்டி சேலைகளை இடித்து நெருக்கித் திணித்து, முதுகில் கெட்டியான இரும்புத் தகடு வைத்தால் அடங்கிப்போகும். (பட்டுப்புடவை எதுவும் உள்ளே போய்விடாமல் பார்த்துக்கொள்வதும் பாதுகாப்பு விதியில் சேர்த்தி.) கண்ணாடி போடாமல் சுடக்கூடாது. பெல்லட் ஈயம், கை கழுவாமல் முறுக்கில் கைவைக்கக்கூடாது. பெட்டியடியில் தென்னந்துடைப்பத்தால் கூட்டினால் ஈயத்தூள் மூக்குக்கு வரும், ஈரத்துணியால்தான் துடைக்கவேண்டும். இவ்வளவும் முடியாத வீட்டில் சுடவேண்டாம் என்பதே என் தீர்ப்பு.

அப்படிப்பட்ட வீட்டுக்கும் வழி இருக்கிறது. குண்டில்லாமல் விசை இழுப்பது, டிரை ஃபயரிங். போட்டிப் பிஸ்டல்களில் இதற்கென்றே ஏற்பாடு உண்டு. திருவிழாவில் பலூன் சுடும் ஸ்பிரிங் துப்பாக்கியில் வெறுமனே இழுத்தால் உள்ளே இருக்கும் வாஷர் போய்விடும். வெள்ளைச் சுவரைப் பார்த்து நிற்கவேண்டும். கிட்டத்தட்ட ஒரு கிலோ கனத்தை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடிக்கவேண்டும். முன்குறியை மட்டும் பார்த்துக்கொண்டு, அரைக் கிலோ தக்காளியின் எடைக்குக் குறையாத விசையை, அது எப்போது விடுபட்டது என்று கைக்கே தெரியாதபடி இழுக்கவேண்டும். சுவரில் அட்டை இல்லாததால் கண்ணுக்கு ஓடிப்போக இடமில்லை. முன்குறி துள்ளினால் பொய் சொல்ல முடியாது. மற்றக் கை என்ன செய்யும் என்று கேட்டால், 2024 பாரீஸில் துருக்கியின் யூசுஃப் டிகெச் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வெள்ளி வாங்கியதை உலகமே மீம் போட்டது. அது ஸ்டைல் இல்லை. தோள் ஆடாமலிருக்க எல்லாரும் செய்வதுதான். வேட்டிக்குப் பாக்கெட் கிடையாது என்பதால் நம்மவர் இடுப்பு மடிப்பில் செருகிக்கொள்ளலாம். வேட்டி அவிழாமல் இருக்கவும் அது உதவும்.

"எதையுமே சுடாமல் இது என்ன சுடுகிற பழக்கம்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். செலவைக் காட்டினால் அடங்கிவிடுவார்கள். பெல்லட் ஒன்று அரை கிராம். போட்டிக் கணக்கில் நாளுக்கு 60 சுட்டால் 30 கிராம், மாதத்துக்கு 900 கிராம் ஈயம். பத்துக்கு ஏழு தடவை வெறுமனே இழுத்தால் 270 கிராமோடு போயிற்று. இதில் நஷ்டப்படுகிறவர் ஒரே ஒருவர்தான்: ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு தெருவில் வருகிறவர்.