ஆல்பத்தில் ஒரு பேய்

கேள்வி: 'மிஸ் பெரக்ரின்' திகில் நாவலை என் மகள் நடுங்கிக்கொண்டே படித்தாள். எனக்கோ பாதியில் கொட்டாவி வந்துவிட்டது. கோளாறு யாரிடம்?

பதில்: எழுதிய ரேன்சம் ரிக்ஸிடம்! 2011-இல் வந்த இந்த நாவலின் முதல் பாதி அசல் சரக்கு. நாஜிகளிடமிருந்து தப்பிக்கப் போலந்திலிருந்து அனுப்பப்பட்டு, வேல்ஸ் தீவொன்றின் விடுதியில் வளர்ந்த யூதத் தாத்தா, பேரனுக்கு ராட்சசக் கதை சொல்கிறார். அந்த ராட்சசர்கள் யாராக இருக்கும் என்று பேரனுக்கு உறைக்கும் இடத்தில் முதுகு சில்லிடும். பிறகு நிஜ ராட்சசர்களே நாக்கை நீட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பயம் போயே போச்சு.

பழைய சாமான் சந்தைகளிலும் சேகரிப்பாளர்களிடமும் கிடைத்த அநாமதேய போட்டோக்களைச் சுற்றிப் பின்னிய கதை இது. அபாரமான யோசனைதான். ஆனால் சிலர் போட்டோவுக்காகவே கதைக்குள் தலைகாட்டுகிறார்கள், கல்யாண ஆல்பத்தில் யாருக்கும் அடையாளம் தெரியாத பெரியப்பா மாதிரி.

தாத்தாவின் பழைய காதலியைப் பேரனே காதலிப்பது தனிச் சங்கடம். 1940 செப்டம்பர் 3-ஐயே தினமும் வாழ்வதால் அவளுக்கு வயது ஏறவில்லையாம். சரி, தாத்தாவுக்கு யார் பதில் சொல்வது?