கடைசியா எவ்வளவுண்ணே?

பழைய பொருளை இணையத்தில் விற்கப் போடுகிறவர் விலையையும் சேர்த்தே போடுகிறார். வாங்க வருகிறவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார், விளக்கத்தைத் தாண்டுகிறார், விலையையும் தாண்டுகிறார், பிறகு "கடைசியா எவ்வளவுண்ணே?" என்று கேட்கிறார். பதுளைப் பக்கத்தில் இதே கேள்வி "அந்திம கான கீயத?" என்று சிங்களத்திலும் வரும். முதல் விலையை யாரும் கேட்பதில்லை. இது தெரிந்த விற்பனையாளர் கடைசி விலையை மனதில் வைத்துக்கொண்டு, அதன்மேல் தாராளமாக ஏற்றி ஒரு தொகையை எழுதுகிறார். அவர் ஏற்றியிருப்பார் என்பது வாங்குபவருக்குத் தெரியும். அதனால் அவர் பாதியிலிருந்து ஆரம்பிக்கிறார். பாதியில்தான் ஆரம்பிப்பார் என்பது விற்பனையாளருக்கும் பழகிப்போன பிறகு எழுதப்படும் விலைக்கும் பொருளுக்கும் எந்த உறவும் இருப்பதில்லை.

பதுளையைச் சுற்றிய ஊவாவில் இந்தச் சந்தைக்கு வரும் சரக்கில் பெரும்பகுதி தோட்டத்துச் சரக்கு. கோப்பிக் காலத்துப் பித்தளை வில்லைகளுக்குத்தான் முதல் மரியாதை. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக் கம்பனிகள் வேலையாட்களுக்குக் காசுக்குப் பதிலாக இப்படிப்பட்ட வில்லைகளைக் கொடுத்தன. கொழும்பு வேகந்த ஆலையில் ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனி கொடுத்தவை சேகரிப்பாளர்களுக்கு நன்கு தெரிந்தவை. இலங்கைக் காசுகளைப் பற்றி லோஸ்லி என்பவர் 1895இல் எழுதியபோதே வில்லைகளும் பட்டியலில் ஏறிவிட்டன. கோப்பியை அழித்த இலைத் துரு நோய் 1869இல் முதலில் கண்ணில் பட்டது மடுல்சீமையில். எனவே மடுல்சீமைப் பக்கத்தில் மண்ணிலிருந்து வரும் பித்தளை வட்டம் எதுவானாலும் கோப்பிக் காலத்தது என்பது விற்பனையாளர் கட்சி. நடுவில் ஓட்டை இருந்தால் தண்ணீர்ப் பம்பின் வாஷர் என்பது வாங்குபவர் கட்சி. இரண்டு கட்சிக்கும் சான்றுகள் கிடைத்திருக்கின்றன.

லிப்டன் தேயிலை டப்பா இன்னொரு வகை. தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்ன தொழிற்சாலையும் அந்தக் காலத்தது. தேயிலை இங்கே விளைந்தாலும் அந்த டப்பாக்களில் பெரும்பாலானவை திறக்கப்பட்டது கடல் கடந்த சமையலறைகளில்தான். அதனால் இங்கிலாந்தில் அவை மலிவாகவும் ஹப்புத்தளையில் அரிதாகவும் இருக்கின்றன. இங்குள்ள விற்பனையாளர் "சொந்த ஊர் டப்பா" என்று அதற்குத் தனியாக விலை வைக்கிறார்.

தகரத் துண்டு விலை பேசக் கூச்சம் தரும் பொருள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து இதோடு வந்த தொழிலாளி எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டியவர், வழிச்செலவு யார் கணக்கில் என்பதை அதில் குத்தியிருந்த எழுத்தும் எண்ணுமே சொல்லின. தோட்டத்து லய வீட்டுப் பெட்டியில் பாட்டனாரின் துண்டு கிடைத்தால் பேரன் படம் எடுத்துப் போடுகிறான். கொழும்பிலிருந்து பதில் வருகிறது: "பிரதர், இது வெறும் தகரம்தானே?" வெறும் தகரம் என்பது உண்மை. அதை ஏன் வாங்கத் துடிக்கிறார் என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை. ஆணியும் சுத்தியலும் வைத்திருப்பவர் எவரும் எண் குத்தலாம் என்பதால் போலிகளுக்கும் இங்கே வழியுண்டு. அதனால் துண்டோடு குடும்பத்தின் கதையையும் கேட்டு வாங்குகிறவர்கள் விவரமானவர்கள். கதைக்குத் தனி விலை கொடுக்க மட்டும் அவர்கள் ஒத்துக்கொள்வதில்லை.

பேரத்தின் நடுப்பகுதி குறை சொல்வது. தோட்டத்துத் தராசில் கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கிலோக் கணக்கில் கொழுந்தைக் கழிப்பதைப் போலவே, வாங்குபவரும் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருகிறார். டப்பா மூடியில் கறள், அதற்கு இவ்வளவு. அடியில் நசுங்கல், அதற்கு இவ்வளவு. உள்ளே தேயிலை வாசம் இல்லை, அதற்கும் கொஞ்சம். மூன்று தலைமுறையாகத் தராசுக்கு முன்னால் நின்ற குடும்பத்திலிருந்து வந்த விற்பனையாளருக்கு இந்தப் பாஷை புதிதல்ல. எழுதிய விலையில் கழிவுக்கும் ஏற்கெனவே இடம் விட்டிருப்பார்.

உண்மையிலேயே விலையைப் பாதியாக்கும் குறை ஒன்று உண்டு, அது சுத்தம். வீட்டில் குத்துவிளக்கு மினுக்கும் நாளில் பித்தளை வில்லையும் செப்புக் காசும் புளிக்குள் விழுந்துவிடுகின்றன. பனைமரம் பொறித்த 1870ஆம் ஆண்டு ஐந்து சதம் கனமான செப்புக் காசு. நூற்றைம்பது வருடத்துப் பழுப்பு நிறத்தோடு இருக்கும்போதுதான் அதற்கு மதிப்பு. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, பனையோலையின் கோடுகள் மழுங்கி, காசு நேற்று அடித்தது போலப் பளபளக்கும்போது விற்பனையாளர் வெயிலில் வைத்துப் படம் எடுக்கிறார். "கண்ணாடி மாதிரி இருக்கு, புத்தம் புதுசு" என்று எழுதுகிறார். சேகரிப்பாளர் அதைப் படித்துவிட்டுத் தலையில் கைவைக்கிறார். இந்த ஒரு இடத்தில் வாங்குபவர் குறைத்துக் கேட்பது முழுக்க நியாயம். ஆனால் தேய்த்த பாட்டிக்கு அதை விளக்க இன்னும் வழி கண்டுபிடிக்கப்படவில்லை.

இதற்கு நேர்மாறு 1942இன் ஐந்து சதத் தாள். போர்க்காலத்தில் சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்தபோது அரசாங்கம் நடுவில் துளைவரிசை போட்டு, ஒரு பக்கம் இரண்டு சதம், மறுபக்கம் மூன்று சதம் என்று கிழித்துச் செலவழிக்க வசதியாக அதை அச்சிட்டது. கிழிக்கவென்றே வந்த தாளைக் கிழிக்காமல் வைத்திருந்தவருக்குத்தான் இன்று நல்ல காசு. மூன்று சதத் துண்டு மட்டும் உள்ளவர் இரண்டு சதத் துண்டு உள்ளவரைத் தேடிப் பேரம் பேசுகிறார். இருவரும் தத்தம் துண்டுதான் அரிது என்கிறார்கள். ஒட்டுப் போட்டாலும் அது கிழிந்த தாள்தான் என்பது இருவருக்கும் தெரியும்.

வாய்ப்பேச்சு முடிந்த இடத்தில் ஸ்கிரீன்ஷாட் தொடங்குகிறது. ஈபேயில் அதே டப்பா ஆயிரம் டொலருக்குப் போடப்பட்டிருப்பதை விற்பனையாளர் அனுப்புகிறார். அதே டப்பா பத்து டொலருக்குக் கிடப்பதை வாங்குபவர் அனுப்புகிறார். போட்ட விலை வேறு, விற்ற விலை வேறு. விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்க ஈபேயிலேயே வழி இருக்கிறது. அதைப் பார்த்தால் பேரம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால் இரண்டு பேருமே பார்ப்பதில்லை. அங்கே குறைத்துக் கேட்பதற்கும் தனிப் பொத்தான் உண்டு. விற்பவர் அடிமட்டத் தொகையை முன்கூட்டியே குறித்துவைத்தால் அதற்குக் கீழே வருவதை இயந்திரமே தட்டிவிடும். பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் மனிதனே தட்டவேண்டியிருக்கிறது, அதுவும் "அண்ணே" என்று கூப்பிட்டவரை.

பேசாமல் இருப்பது இந்தத் தொழிலில் பெரிய பலம். உடனே பதில் எழுதுகிறவருக்கு அவசரம் என்று எதிராளி கணக்குப் போடுகிறார். நமுனுகுலைச் சரிவில் இருப்பவருக்கு இந்தப் பலம் இயற்கையாகவே அமைந்திருக்கிறது. மழை இறங்கினால் சிக்னல் போய்விடும். அவர் போனை மேலும் கீழும் தூக்கிக்கொண்டு லயத்துக்கும் கோயிலுக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கும்போது, கொழும்பில் இருப்பவர் "மனுஷன் அசைய மாட்டேங்கிறான்" என்று நினைத்து ஐந்நூறு ரூபாய் ஏற்றுகிறார்.

பேரம் இறுகும்போது விலை இறங்குகிறது, பொருளின் வயது ஏறுகிறது. "நூறு வருஷத்து விளக்கு" என்று தொடங்கியது, வாங்குபவர் ஆயிரம் குறைத்ததும் நூற்றைம்பது வருஷத்து விளக்காகிறது. இன்னும் ஐந்நூறு குறைத்தால் ராஜா காலத்து விளக்கு. இதற்குச் சட்டத்தில் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருட்களைத் தொல்பொருள் என்கிறது. அது கண்டி ஒப்பந்த நாள். கோப்பித் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் அதற்குப் பிறகு வந்தவை என்பதால் வில்லைக்கும் டப்பாவுக்கும் அந்தக் கவலை இல்லை. ஆனால் விளக்குக்கு இருநூற்றிருபது வயது என்று வட்ஸ்அப்பில் எழுதிக் கொடுத்தவர், விற்கிறேன் பேர்வழி என்று தொல்பொருள் திணைக்களத்துக்கு வாக்குமூலம் கொடுத்தவராகிறார். வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் 1988ஆம் ஆண்டின் கலாசாரச் சொத்துச் சட்டம் வேறு நிற்கிறது.

உள்ளூர் வியாபாரம் பெரும்பாலும் பதுளை பஸ் நிலையத்தில் கைமாறுகிறது. ஒத்துக்கொண்ட தொகையை முழுதாகக் கொண்டுவருவது வழக்கமில்லை. "அவ்வளவுதான் இருக்குண்ணே, பஸ்ஸுக்கு வேற வேணும்" என்று பர்ஸைத் திறந்து காட்டுவதும் பேரத்தின் ஒரு படிதான். தபாலில் அனுப்பினால் தபால் செலவு யாருடையது என்று இன்னொரு சுற்று. வெளிநாட்டு வாங்குபவரிடம் சிக்கல் வேறு. இலங்கையிலிருந்து பேபால் வழியே பணம் அனுப்ப முடிந்தும் பெற முடியாத நிலை பல ஆண்டுகளாக நீடித்ததால், டொரன்டோவில் இருக்கும் மச்சானின் கணக்குக்குக் காசு போய், அவர் ஊருக்கு வரும்போது கையில் கிடைக்கும். அதற்குள் மச்சான் தன் பங்கைக் கழித்துவிடுவார்.

2022இல் டொலர் 200 ரூபாய்ப் பக்கத்திலிருந்து 360 வரை ஏறியபோது, ஹப்புத்தளை டப்பாக்களின் விலையும் அதே வேகத்தில் ஏற்றப்பட்டது. டொலர் பிறகு 300 அளவுக்கு இறங்கியது. டப்பாக்கள் இறங்கவில்லை.