முப்பது டிகிரிக்கு ஒரு க்ளிக்

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் எதையாவது விட்டுவிட்டுப் போகத்தான் வருகிறார்கள். எண்ணெய் தேய்த்து நளதீர்த்தத்தில் முழுகி, உடுத்தியிருந்த துணியைக் கழற்றி அங்கேயே போட்டு, கூடவே ஏழரைச் சனியையும் கழற்றிப் போட்டாயிற்று என்ற நிம்மதியோடு பஸ் பிடிக்கிறார்கள். திருநள்ளாற்றிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இந்த வசதி கிடையாது. நாங்கள் எந்த ஊருக்குப் போய் விடுவது? அதனால்தான் என் ஏழரை கூரியரில் வீடு தேடி வந்தது. கறுப்பு நிறம், இரும்புக் கனம். பெயர் பனோ ஹெட். விலையைச் சொல்ல மாட்டேன். இந்தக் கட்டுரையை வீட்டிலும் படிப்பார்கள்.

ஆசை என்னவோ சின்னதுதான். வைகாசிப் பிரம்மோற்சவத் தேர் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். மொட்டைமாடியில் நின்றால் இடது கைப்பக்கம் கோபுரம், எதிரே வீதி நிறைய தலைகள், வலது கைப்பக்கம் அசைந்து வரும் தேர். மூன்றையும் ஒரே படத்தில் அடக்க வேண்டும். செல்போனில்தான் பனோரமா இருக்கிறதே என்று ஒரு வருஷம் அதில் எடுத்தேன். கோபுரம் அட்டைப்பெட்டியின் ஓரம் மாதிரி மடிந்து வந்தது. புத்தியுள்ளவன் அதோடு விட்டிருப்பான். நான் விசாரிக்க ஆரம்பித்தேன்.

விசாரித்ததில் தெரிந்தது இதுதான். ஒரே இடத்தில் நின்று கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வரிசையாகப் படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் முந்தின படத்தின் மூன்றில் ஒரு பங்காவது திரும்ப வர வேண்டும். பிறகு ஹக்கின் மாதிரி ஒரு மென்பொருளில் கொடுத்தால் அது ஒட்டித் தைத்துக் கொடுக்கும். ஹக்கின் இலவசம். இந்த விவகாரத்தில் எனக்கு இலவசமாகக் கிடைத்தது அது ஒன்றுதான்.

சிக்கல் 'ஒரே இடத்தில் நின்று' என்பதில் இருக்கிறது. கோயிலில் ஆத்மப் பிரதட்சணம் செய்யும்போது நாம் ஒரே இடத்தில் சுற்றுவதாக நினைக்கிறோம். சுற்றுவது முதுகுத்தண்டு, கண் அதற்கு நாலு விரற்கடை முன்னால் இருக்கிறது, ஆகவே கண் ஒரு சின்ன வட்டமே அடித்துவிடுகிறது. ட்ரைபாடில் மாட்டிய கேமராவும் அப்படித்தான். திருகாணி கேமராவின் அடியில். வெளிச்சம் குவிந்து நுழைகிற இடம் லென்ஸுக்குள். திருப்பத் திருப்ப அந்த இடம் நகர்ந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் இருக்கிற கம்பம் தூரத்துக் கோபுரத்துக்கு ஒரு படத்தில் இந்தப் பக்கமும் அடுத்த படத்தில் அந்தப் பக்கமும் நிற்கும். தைக்கிற மென்பொருளுக்குத் தலை சுற்றும். இதற்குப் பாரலாக்ஸ் என்று பெயர். கேமராவைப் பின்னுக்குத் தள்ளி, லென்ஸுக்குள் இருக்கும் அந்தப் புள்ளியைச் சுழலும் அச்சின் மேலேயே நிறுத்துவதற்காகத்தான் பனோ ஹெட்.

அந்தப் புள்ளியைப் புகைப்படக்காரர்கள் நோடல் பாயிண்ட் என்பார்கள். அது தப்பு, லென்ஸின் கண்பாப்பா என்பதே சரி என்று விஷயம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் சொல்வதுதான் நியாயம். ஆனால் அதை வீட்டில் சொல்லப்போய்த்தான் வினை வந்தது.

மொட்டைமாடியில் கொடிக்கம்பத்தையும் அதன் பின்னால் தூரத்துத் தென்னை ஒன்றையும் ஒரே கோட்டில் வைத்துக்கொண்டு, கேமராவை இடமும் வலமும் திருப்பிப் பார்ப்பேன். கம்பம் தென்னையை விட்டு விலகினால் பனோ ஹெட்டின் தண்டவாளத்தில் கேமராவை இரண்டு மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளுவேன். மறுபடி திருப்புவேன். மறுபடி தள்ளுவேன். இப்படி ஒரு முற்பகல் முழுக்கப் போயிற்று. கூடை நிறைய ஈரத்துணியோடு மனைவி மேலே வந்தாள்.

"காலைலேருந்து என்னங்க பண்றீங்க?"

"லென்ஸோட பாப்பா எங்க இருக்குன்னு தேடறேன்."

"நம்ம பாப்பா ஸ்கூல் விட்டு அரை மணி நேரமா கேட்டுல நிக்குது. அதைத் தேடுங்க முதல்ல."

நான் போய்க் கூட்டிக்கொண்டு வருவதற்குள் கொடிக்கம்பத்தில் எட்டு முழ வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. கம்பத்தைக் காணவில்லை.

புள்ளி கிடைத்தபின் கணக்கு போட்டேன். என்னிடம் இருப்பது கேமராவோடு கொடுத்த 18-55 லென்ஸ். சென்சார் சின்ன ரகம். 18-இல் வைத்துக் கேமராவை நெட்டுக்குத்தாக மாட்டினால் ஒரு படத்தில் ஏறக்குறைய 47 டிகிரி விழும். முந்தின படத்தோடு பொருந்த வேண்டிய மூன்றில் ஒரு பங்கு போக, 30 டிகிரிக்கு ஒரு க்ளிக். மொத்தம் 12. எங்கள் ஊரில் இந்தக் கணக்கைச் சொன்னால் பால் வாங்க வந்த பையன்கூட நிமிர்ந்து பார்ப்பான். 360 டிகிரி, 12 வீடு, வீட்டுக்கு 30 டிகிரி: ராசி மண்டலம் அல்லவா! ஒவ்வொரு வீட்டிலும் இரண்டரை வருஷம் நின்று நிதானமாகப் பார்த்து, ஏறத்தாழ 30 வருஷத்தில் ஒரு சுற்று முடிக்கிறவர் எங்கள் ஊரிலேயே சந்நிதி கொண்டிருக்கிறார். மந்தன் என்றே அவருக்கு ஒரு பெயர். இவ்வளவு பொறுமையாகக் கேமரா திருப்புகிறவர் வேறு யாரும் இல்லை. யாரையும் விட்டுவிட்டுத் திருப்பியதாகவும் புகார் கிடையாது.

(செயற்கைக்கோள்கள் திருநள்ளாற்றுக்கு மேலே வரும்போது மூன்று விநாடி நின்று கும்பிட்டுவிட்டுப் போவதாக வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது. என் ஊர்ப் பெருமையை நானே குறைக்க வேண்டியிருக்கிறது: பொய். தாழ்வட்டப் பாதையில் போகிற செயற்கைக்கோள் நின்றால் விழுந்துவிடும். அதன் வேகம் விநாடிக்குச் சுமார் ஏழரை கிலோமீட்டர். அந்த ஏழரை நான் சேர்த்தது இல்லை, கணக்கே அப்படித்தான் வருகிறது.)

தைரியத்துக்கு முன்னோர் யாராவது உண்டா என்று தேடினேன். உண்டு, அதுவும் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குள். லின்னேயஸ் ட்ரைப் என்ற கேப்டன், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்து, விமானத்தின் அடித்தளத்தில் ஓடுகிற கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே சுருளாக்கினார். நீளம் 19 அடிக்குக் கொஞ்சம் மேல். ஹக்கின் கிடையாது, பாட்டரி கிடையாது, ஒட்டுவதற்குப் பசைதான். அவர் பனோ ஹெட் வாங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சுவர் நீளவாட்டில் ஓடுகிறது. அவரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு சுவரோடு நகர்ந்தார். கோயிலைச் சுற்றுகிற பிரதட்சணம் அது. நம்முடையது ஆத்மப் பிரதட்சணம். எதிரே இருப்பது சுவரா, நம்மைச் சுற்றியிருக்கும் வீதியா என்று பார்த்துவிட்டுப் பொருள் வாங்கு என்பதுதான் அவரிடம் கற்க வேண்டியது. நான் அதைப் பொருள் வாங்கிய பிறகு கற்றேன்.

அவருக்கு நேர்ந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1859-இல் ட்ரெவெல்யன் என்ற புது கவர்னர் வந்தார். கஜானா இருக்கிற லட்சணத்தில் போட்டோ ஒரு ஆடம்பரம் என்று அந்தத் துறையையே ஊற்றி மூடிவிட்டார். எங்கள் வீட்டு ட்ரெவெல்யன் இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை. "அடுத்து என்ன கூரியர் வந்தாலும் வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன்" என்பதோடு சரி.

முதல் சோதனை காரைக்கால் கடற்கரையில். ட்ரைபாடின் நீர்மட்டக் குமிழியைப் பார்க்காமல் மணலில் ஊன்றிவிட்டேன். வங்கக் கடல் பூவன் பழம் மாதிரி வளைந்து வந்தது. வெளிச்சத்தையும் தானியங்கியிலேயே விட்டிருந்தேன். சூரியன் பக்கம் திரும்பிய படம் இருட்டு, எதிர்ப்பக்கம் வெளுப்பு. ஒட்டிப் பார்த்தால் வானத்தில் நெட்டுக்குப் பட்டை பட்டையாக விழுந்திருந்தது. சிவத்தலத்துக்காரன் எடுத்த வானத்துக்கு நாமம்! பனோரமாவில் எக்ஸ்போஷர், ஃபோகஸ், வெள்ளைச் சமன் மூன்றையும் முதலிலேயே கைமுறைக்கு மாற்றிப் பூட்டிவிட வேண்டும். பன்னிரண்டு படமும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருந்தால்தான் ஒட்டும்.

இரண்டாவது சோதனை நளதீர்த்தக் கரையில். அதை நான் நினைத்துப் பார்த்திருக்கவே கூடாது. ஈரத் துண்டோடு ஒரு பெரியவர் படியேறி வந்தார். "தம்பி, குளிக்கிறவங்க பக்கம் திருப்பாதீங்க." சாதாரணக் கேமராக்காரன் "இல்லைங்க, நான் அந்தப் பக்கம் எடுக்கிறேன்" என்று சொல்லித் தப்பிக்கலாம். 360 டிகிரிக்காரனுக்கு அந்தப் பக்கம் என்று ஒரு பக்கம் ஏது? மடக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் சொன்னதுதான் சரி.

தேர் நாள் வந்தது. மாடியில் ட்ரைபாடை ஊன்றி, குமிழியைச் சரிபார்த்து, எல்லாவற்றையும் பூட்டி, காத்திருந்தேன். ஒரு காக்கை வந்து பனோ ஹெட்டின் மேல் உட்கார்ந்தது. எங்கள் ஊரில் காக்கையை யாரும் விரட்ட மாட்டார்கள்; சனி பகவானின் வாகனம். அதுவாக எழுந்து போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கும்பகோணத்திலிருந்து தேர் பார்க்க வந்திருந்த தாய்மாமா, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன மாப்ளே, சர்வேயா?"

"போட்டோ மாமா."

"கல்யாண போட்டோக்காரன்கூட இவ்வளவு சாமான் கொண்டாரலியேடா."

என் திட்டம் தெளிவானது. சக்கரத்தில் முட்டுக்கட்டை போட்டால் தேர் நிற்கும். அந்த நேரத்துக்குள் பன்னிரண்டு க்ளிக். ஒரு நிமிஷம் போதும். முட்டுக்கட்டை விழுந்தது, தேர் நின்றது, ஆரம்பித்தேன். ஒன்று. திருப்பு. இரண்டு. திருப்பு. மூன்றில் தேர் அழகாக விழுந்தது. நான்குக்குத் திருப்பும்போது கீழே வடம் இறுகியது. கட்டையை எடுத்துவிட்டார்கள். சுவாமி கிளம்பிவிட்டார். நடுவில் நிறுத்த முடியாது, பன்னிரண்டையும் முடித்தேன்.

ராத்திரி ஹக்கின் தைத்துக் கொடுத்ததைப் பார்த்தேன். கோபுரம் நூல் பிடித்தாற்போல் நிமிர்ந்து நின்றது. பாரலாக்ஸ் ஒரு மயிரிழை இல்லை. ஆனால் வீதியில் ஒன்றரைத் தேர் இருந்தது. முழுத் தேருக்குப் பின்னாலேயே, மேல்பாதி இல்லாத இன்னொரு தேர். வடம் இழுத்தவர்களில் ஒருவருக்கு மூன்று கால். அவர் இழுத்த இழுப்புக்கு அது நியாயம்தான். இதெல்லாம் போகட்டும். ஒவ்வொரு க்ளிக்குக்கும் நான் எந்தப் பக்கம் எடுக்கிறேன் என்று பார்க்க மாமா அந்தந்தப் பக்கமே நகர்ந்திருக்கிறார். கோபுரத்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஒரு மாமா. தண்ணீர்த் தொட்டியோரம் வெற்றிலை துப்ப இடம் தேடும் ஒரு மாமா. தேரைப் பார்த்துக் கும்பிடும் ஒரு மாமா. கடைசியாக, கேமராவுக்குள் எட்டிப் பார்க்கும் அரை மாமா.

இதுவும் பழைய வித்தைதான் என்று பிறகு தெரிந்தது. அமெரிக்காவில் 1904-இல் காப்புரிமை பெற்ற சர்க்கட் என்ற கேமரா, கடிகார விசையில் தானே சுழன்றுகொண்டு நீளப் படம் எடுக்கும். பள்ளிக்கூடத்துக் குழுப் படங்களில் ஒரு ஓரம் நிற்கிற பையன், கேமரா தன்னைத் தாண்டியதும் பின்பக்கமாக ஓடி மறு ஓரத்தில் போய் நின்று இரண்டு தடவை விழுவானாம். அவன் ஓடி இரண்டு. எங்கள் மாமா நடந்தே மூன்றரை.

அக்காள் மகன் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "மாமா, ஓடுற தேருக்கு இதுவா? முதுகோட முதுகு ஒட்டின ரெண்டு மீன்கண் லென்ஸ் கேமரா இருக்கே, ஒரே அமுக்குல சுத்துப்பட்டு மொத்தமும் விழுந்துடும்." அவன் சொல்வது உண்மை. இரண்டு பக்கமும் ஒரே நொடியில் பதிவதால் தேர் இரண்டாகாது. மிக அருகில் நிற்கிறவர்கள் மட்டும் ஒட்டு விழுகிற இடத்தில் கொஞ்சம் நசுங்குவார்கள். நகராத மண்டபம், வயல், கடல் என்றால் பனோ ஹெட். நகர்கிறது என்றால் அந்த இரட்டைக் கண். அதையும் வாங்கலாம் என்று வாயெடுத்தேன். சமையலறையில் பாத்திரம் ஒன்று சத்தமாக வைக்கப்பட்டது. ட்ரெவெல்யன்.

படத்தை ரசித்தவர் ஒருவர் உண்டென்றால் மாமாதான். "நாலு பக்கமும் நான்தாண்டா நிக்கிறேன்!" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஆறடி நீளம், ஓரடி உயரத்தில் பிரின்ட் போட்டுக் கண்ணாடிச் சட்டமும் அடித்துத் தரக் கேட்டார். போட்டுக் கொடுத்தேன். கும்பகோணம் பஸ்ஸில் அதைப் படுக்கவைக்கவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. மாமாவின் ஒரு முனை கண்டக்டர் பக்கமும் மறுமுனை பின்கதவுப் பக்கமும் போயிற்றாம். அதற்கு அரை டிக்கெட் வாங்கிவிட்டார்கள்.

பனோ ஹெட்டை விற்றுவிடலாம் என்று இணையத்தில் போட்டேன். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். விலை படிந்தது, வாங்கிக்கொள்கிறேன் என்றார். "சார், எந்த ஊர்?" என்றார் கடைசியில். சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் சார்." இன்னொருவர் மதுரையிலிருந்து. அவர் இன்னும் விவரமானவர், "திருநள்ளாறுலேருந்து கறுப்புப் பொருளா?" என்று கேட்டுவிட்டே வைத்தார். எங்கள் ஊருக்கு வந்து விட்டுவிட்டுப் போவார்களே தவிர, இங்கிருந்து எதையும் எடுத்துக்கொண்டு போக ஆள் கிடையாது.

ஆகவே உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். பனோ ஹெட் புதுக்கருக்கு மாறாமல் இருக்கிறது. டிகிரி எண்கள் அழியவில்லை, தண்டவாளம் வழவழவென்று ஓடும், காக்கை ஒரே ஒரு தடவை உட்கார்ந்திருக்கிறது. காரைக்கால், நிரவி, நெடுங்காடு பக்கத்துக்காரர்கள் யாரானாலும் நேரில் வந்து பார்க்கலாம். சனிக்கிழமை மட்டும் வேண்டாம். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.