பை-டூ அங்கிள்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எந்த கிராஸில் திரும்பினாலும் ஒரு பை-டூ அங்கிள் இருப்பார். எங்கள் கிராஸில் இருப்பவர், பொதுத்துறை ஆலை ஒன்றில் முப்பது வருஷம் கேன்டீன் சாப்பாடு சாப்பிட்டு ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் சாப்பாடு என்பது சங்கு ஊதுவதற்குள் உள்ளே தள்ள வேண்டிய சரக்கு. என்ன குழம்பு சாப்பிட்டோம் என்பது ஏப்பத்தில்தான் தெரியவரும்.

ஓய்வு பெற்றபின் ரத்தம் கொடுத்துப் பார்த்தார். ஹெச்பிஏ1சி 6.1. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோயின் வாசல்; 6.5 என்றால் வீட்டுக்குள் வந்தாயிற்று. இந்தியாவில் வாசலில் நிற்பவர்கள் சுமார் 13.6 கோடிப் பேர் என்று ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-ல் சொன்னது. வரிசை நீளம் என்பதில் அங்கிளுக்குக் கொஞ்சம் ஆறுதல். "எல்லாம் சாப்பிடுங்க. ஆனா பாதியா சாப்பிடுங்க, கவனிச்சுச் சாப்பிடுங்க" என்றார் டாக்டர். அவர் சொல்லிவிட்டு அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டார். மாட்டிக்கொண்டது ஆன்ட்டியும் நானும்.

பாதி சாப்பிட பெங்களூரைவிடத் தோதான ஊர் கிடையாது. "ஒன் பை டூ" என்று சொன்னால் ஒரு காப்பி இரண்டு டம்ளரில் வந்துவிடும். கல்லாவில் இருப்பவர் ஏற இறங்கப் பார்க்க மாட்டார். லட்சாதிபதியும் இங்கே பை-டூதான். என்ன, அதற்கு இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் நான்.

அங்கிள் பாதி தோசையோடு நிறுத்திக்கொள்ளவில்லை, சாஸ்திரமும் படித்தார். அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-ல் ஒரு மருத்துவக் கல்லூரியில் மன அழுத்தத்துக்கு வகுப்பு தொடங்கினார். அதில் பிரசித்தமான பாடம், ஒரே ஒரு உலர்ந்த திராட்சையைத் தின்பது. முதலில் பார்க்க வேண்டும், உருட்ட வேண்டும், முகர வேண்டும், காதருகே வைத்துக் கேட்க வேண்டும். அப்புறம்தான் வாய். கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பிளம் கேக் வந்தது. அங்கிள் அதிலிருந்து ஒரு திராட்சையை நோண்டியெடுத்துக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"ஏங்க, அது மாசக்கணக்கா ரம்முல ஊறினது. அது உளறுறதை எல்லாம் நம்பாதீங்க" என்றார் ஆன்ட்டி.

அடுத்தது மெல்லுதல். நூறு வருஷத்துக்கு முன்னால் ஹொரேஸ் ஃப்ளெட்சர் என்ற அமெரிக்கர், உணவு வாயிலேயே தண்ணீராகும்வரை மெல்லச் சொல்லிப் பேர் வாங்கினார். பாலைக்கூட வாயில் வைத்துக் குதப்பித்தான் விழுங்க வேண்டுமாம். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று நம் பாட்டிகளும் சொன்னார்கள். ஆனால் பாலை விட்டுவைத்தார்கள். ஃப்ளெட்சர் எழுபதைக்கூடத் தாண்டவில்லை என்ற தகவலை அங்கிளிடம் நான் சொல்லவில்லை. எதற்கு?

இந்த மெல்லும் படலம் ஒரு மிலிட்டரி ஹோட்டலில் முட்டிக்கொண்டது. இலையில் ராகி முத்தெ என்கிற களி உருண்டை, பக்கத்தில் மட்டன் சாறு. முத்தெயைக் கிள்ளி, சாற்றில் புரட்டி, அப்படியே வழுக்கி உள்ளே விட வேண்டும். பல் படக் கூடாது. அங்கிள் மென்றார். மெல்ல மெல்ல அது மேலண்ணத்தில் பூசிக்கொண்டது. எதிரே இருந்த பெரியவருக்கு அந்தக் கோரம் பொறுக்கவில்லை. "நுங்கி சார், நுங்கி!" என்றார். விழுங்குங்க சார் என்று கெஞ்சுகிறார். அங்கிளால் பதில் சொல்ல முடியவில்லை, வாய் ஒட்டிக்கொண்டிருந்தது.

சிரித்தாலும், அங்கிளிடம் விஷயம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜான்சன் மார்க்கெட் கறியில் ஆன்ட்டி செய்த பிரியாணியை ஒரு கரண்டி மட்டும் போட்டுக்கொண்டு, டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டாவது வாயில் நிமிர்ந்தார்.

"இதுல புதுசா என்ன போட்ட?"

"முப்பது வருஷமா அதையேதான் போடறேன்."

அன்று அவர் முகத்தில் தெரிந்தது ஆனந்தம்தான், நடிப்பில்லை. பார்பரா ரோல்ஸும் அவர் கூட்டாளிகளும் 1981-ல் சோதித்துச் சொன்னது இதற்குப் பொருந்தும்: ஒரே பண்டத்தைத் தின்னத் தின்ன அதன் ருசி மட்டும் நாக்கில் மங்கிவிடும், தொடாத பண்டங்களின் ருசி அப்படியே இருக்கும். பந்தியில் சோறு போதும் என்று கையை மறித்தவர் பாயசத்துக்கு இலையைத் துடைத்து வைப்பது இதனால்தான். ருசியின் பெரும்பங்கு முதல் நாலு வாயிலேயே தீர்ந்துவிடுகிறது என்பது அங்கிள் கட்சி. மிச்சமெல்லாம் பழக்கத்தின் தயவு.

ஆனால் கவனம் நல்லதை மட்டும் கவனிக்குமா? மறு வாரமே அங்கிள் ஆரம்பித்தார்: புளி பழசு, கடுகு கருகிவிட்டது, ரசத்தில் பெருங்காயம் ஒரு சிட்டிகை தூக்கல். முப்பது வருஷம் வாயைத் திறக்காமல் தின்ற மனுஷன். அவர் பழையபடி அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினால் தேவலை என்று ஆன்ட்டி இப்போது குழந்தை இயேசு கோவிலில் வியாழக்கிழமைதோறும் வேண்டிக்கொள்கிறார்.

தட்டு விவகாரம் வேறு. பெரிய வட்டத்துக்குள் வைத்தால் அதே அளவு சின்னதாகத் தெரியும் என்று டெல்பூஃப் என்ற பெல்ஜியக்காரர் 1865-ல் காட்டினார். ஆகவே சின்னத் தட்டு. "தட்டு சின்னதாச்சு, எனக்கு அடுப்படிக்கு நடைதான் ஜாஸ்தியாச்சு" என்கிறார் ஆன்ட்டி.

முதல் நாலு வாய்தான் ருசி என்றானபின், பல பண்டங்களில் நாலு நாலு வாய் என்று அங்கிள் கணக்கை மாற்றிக்கொண்டார். இதில்தான் ஆபத்து. வகை கூடினால் வயிறும் கூட இடம் கொடுக்கும். ரோல்ஸின் சோதனைகள் சொன்ன மறுபாதி அது. அங்கிள் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. தர்ஷினி ஹோட்டலில் நின்றுகொண்டு பை-டூ தோசை, பை-டூ வடை, பை-டூ இட்லி என்று வரிசையாகச் சொல்வார். சௌசௌ பாத் வரும்: காராபாத் ஒரு பக்கம், கேசரிபாத் ஒரு பக்கம். அதிலும் பாதி. நாலு வாய் ஆனதும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ருசி அடங்குகிறதாம்.

கண்ணைத் திறக்கும்போது தட்டு காலியாக இருக்க வேண்டும். அது என் பொறுப்பு. அவர் பாதி முழுப்பாதியே அல்ல, கால்தான்; மிச்ச முக்காலும் என் பங்கு. அதற்கு மேல் வீட்டில் எனக்கு எடுத்து வைத்த டிபன். அங்கிளின் பெல்ட்டில் இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டாயிற்று. என் பெல்ட் ஆணியில் தொங்குகிறது.

போன மாதம் அவர் போன லேபுக்கே நானும் போய் வந்தேன். டாக்டர் சிரித்துக்கொண்டே அதே வசனத்தைச் சொன்னார். பாதியாகச் சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆள்தான் வேண்டும். நந்தன் கிரவுண்டில் மாலையில் ஃபுட்பால் ஆடுகிற ஒரு பையன் எங்கள் கிராஸுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறான். நல்ல பசிக்காரன் போலத் தெரிகிறது. நாளைக் காலை காப்பிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.